நாவலில் நிலமும் நீதிமன்ற வாயிலும்

(வாசிகசாலை ஆண்டு விழாவொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாவல் இலக்கியம் பற்றிப் பேசுமாறு சட்டத்தரணி ஒருவரை அழைத்திருக்கின்றீர்கள். தேர்தல் மேடைகளில் நின்றவர்க்கு நாவலில் என்ன அலுவல் என்று கேட்பாரும் இக்கூட்டத்தில் இருத்தல் கூடும். அன்னாருக்கு முதலிலேயே ஒன்று சொல்லி விடுகின்றோம். நாம் இன்று பேசப் போவதும் காணியைப் பற்றியே, வழக்கைப் பற்றியே. அவை நாவலாசிரியன் கையில் எவ்வாறு உருப்பெறுகின்றன என்பதே எமது பொருள்.

உங்கள் பெட்டகத்திலுள்ள காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். நொத்தாரிசு எழுதிய அட்டவணையில் காணியின் பெயர் இருக்கும். பரப்பும் குழியும் இருக்கும். கிழக்கே யார் காணி, வடக்கே எந்த ஒழுங்கை என்று நான்கு எல்லைகளும் இருக்கும். வீடு, பங்குக் கிணறு, பனை, பலா யாவும் இருக்கும். ஆயின் அந்தக் கிணற்றடியில் நின்று பார்த்தால் அயலவன் வீட்டு முற்றம் தெரியுமா, கதியால் ஒரு முழம் நகர்ந்த அன்று இரவு நிலவு இருந்ததா, எல்லை வழக்கு முடிந்த நாளில் தாய் எந்தத் திண்ணையில் இருந்து எதைப் பார்த்துக் கொண்டிருந்தாள் என்பன உறுதியில் இரா. உறுதி முடியும் இடத்தில் நாவலாசிரியன் தொடங்குகின்றான்.

எமது தொழிலில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் போது, அவன் கண்டது என்ன என்று கேட்பதற்கு முன், "நீ எங்கே நின்றாய்? எவ்வளவு தூரம்? வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது? இடையில் வேலியோ மரமோ இருந்ததா?" என்று கேட்போம். அனுபவமுள்ள சட்டத்தரணி இந்த நான்கு கேள்விகளிலேயே பாதி வழக்கை முடித்து விடுவார். நின்ற இடம் தவறினால் கண்ட காட்சியும் தவறும் என்பது எல்லாரும் அறிந்ததே. நல்ல நாவலை வாசிக்கும் போதும் இதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள் என்பதே எமது வேண்டுகோள். கதை சொல்லும் கண் எங்கே நிற்கின்றது? மேசைக்கு மேலிருந்து பார்க்கின்றதா, கூண்டுக்குள் இருந்து பார்க்கின்றதா? எந்த வாயில் வழியாக, எவ்வளவு வெளிச்சத்தில் பார்க்கின்றது? இக்கேள்விகளுக்கு விடை கிடைத்தால் ஆசிரியன் யார் பக்கம் நிற்கின்றான் என்பதை அவன் வாய்திறந்து சொல்லாமலே அறிந்து கொள்ளலாம். நாவலில் வரும் இடவருணனை, அலுப்பூட்டும் பக்கமென்று தள்ளி விட்டுப் போவதற்குரியது அன்று. பல வேளைகளில் தீர்ப்பு அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

இக்கருத்து எமக்குப் புதிதன்று. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, மாந்தரின் ஒழுக்கத்தை அவற்றின் மேல் நிறுத்திய இலக்கணம் தொல்காப்பியம். ஆங்கில நாட்டிலே தோமஸ் ஹாடி என்பார் 1878இல் வெளியிட்ட 'த ரிட்டேர்ன் ஒவ் த நேட்டிவ்' என்னும் நாவலின் முதல் அத்தியாயத்தில் பாத்திரம் ஒன்றேனும் வருவதில்லை. எக்டன் என்னும் புதர்வெளியின் மேல் மாலை இருள் இறங்குவதே அவ்வத்தியாயம். நூலோடு அவ்வெளியின் வரைபடம் ஒன்றையும் அவர் வரைந்து சேர்த்தார். கட்டிடக் கலை பயின்றவர் அவர். ஆயினும் நாம் இன்று எடுத்துக் கொள்ளப் போவது வேறு இரு நூல்கள். இரண்டிலும் நீதிமன்றம் உண்டு. ஒன்றில் மன்றத்துக்கு வெளியே எதுவும் தெரியாது. மற்றதில் எல்லாம் தெரியும். இரண்டிலும் ஏழைக்கு நீதி கிடைப்பதில்லை.

முதலாவது, சாள்ஸ் டிக்கன்சின் 'பிளீக் ஹவுஸ்'. 1852 மார்ச் முதல் 1853 செப்டெம்பர் வரை மாதந்தோறும் பகுதி பகுதியாக வெளிவந்த நூல். டிக்கன்ஸ் இளமையில் சட்ட அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். பின்னர் சுருக்கெழுத்து நிருபராக நீதிமன்றங்களில் இருந்தவர். தமது 'கிறிஸ்மஸ் கரோல்' நூலைக் களவாகப் பதிப்பித்தோர் மேல் 1844இல் சான்சரி நீதிமன்றத்தில் வழக்காடி வென்றார். வென்றும் என்ன? எதிராளிகள் வங்குரோத்து ஆனார்கள். செலவெல்லாம் வென்றவர் தலையில் விழுந்தது. இங்குள்ளோரில் சிலர் தலையசைப்பதைக் காண்கின்றோம். வழக்கில் வெல்வதும் பணத்தைப் பெறுவதும் வேறு வேறு என்பதை அவர்கள் அறிவார்கள் போலும்.

நூல் இலண்டன் மாநகரில், நவம்பர் மாதத்தில் தொடங்குகின்றது. தெருவெல்லாம் சேறு, எங்கும் மூடுபனி. ஆற்றின் மேற்பக்கம் பனி, கீழ்ப்பக்கம் பனி, சதுப்பு நிலத்தில் பனி, குன்றுகளில் பனி, முதிய ஓய்வூதியர் தொண்டையில் பனி. அகன்ற நிலப்பரப்பில் தொடங்கிய காட்சி படிப்படியாகக் குறுகி, நகரத்துள் நுழைந்து, தெருவுள் நுழைந்து, லிங்கன்ஸ் இன் மண்டபத்துள் நுழைகின்றது. பனி மிகச் செறிந்த இடம் எது என்று பார்த்தால், அங்கே சான்சலர் பிரபு நீதி வழங்க அமர்ந்திருக்கின்றார்! நீதிமன்றம் மோசமானது என்று ஆசிரியன் முதலில் வாதாடவில்லை. காற்று எங்கே கனத்திருக்கின்றது என்று கைபிடித்து அழைத்துச் சென்று காட்டுகின்றான். மண்டபத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் நிறமிழந்து கிடக்கின்றன. பகலொளியை அவை உள்ளே விடுவதில்லை. இருப்பவர்க்கு வெளியுலகம் தெரியாது. வெளியே நிற்பவன் கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் பயந்து போகின்றான்.

இதில் இலக்கணம் கற்றோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அத்தொடக்கப் பகுதியின் ஆங்கில வாக்கியங்களில் தலைமை வினைமுற்றே இல்லை. எல்லாம் எச்சமாகவே தொங்கிக் கொண்டிருக்கின்றன. முற்றுப் பெறாத வாக்கியங்களால் முற்றுப் பெறாத வழக்கொன்றை அறிமுகம் செய்கின்றான் அம்மகாசூரன். ஜார்ண்டிஸ் வழக்கு என்பது ஒரு மரணசாசனத்தைப் பற்றியது. அதில் பிறந்து வளர்ந்து மடிந்தவர் பலர். கடைசியில் வழக்கு ஒரு நாள் முடிகின்றது. எப்படி? ஆதனம் முழுவதும் செலவுக்கே சரியாகி விட்டது. பிரிப்பதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. கட்டுக் கட்டாகக் காகிதங்களை வெளியே சுமந்து செல்கின்றார்கள். மிகைப்படுத்தல் என்று சிலர் குறை கூறியதற்கு டிக்கன்ஸ் முன்னுரையிலேயே விடை கூறினார்: இருபது ஆண்டுகளாக நடந்து, எழுபதினாயிரம் பவுண் செலவாகியும் முடியாத உண்மை வழக்கொன்று அன்று அந்த மன்றத்தில் இருந்தது. சான்சரி நீதிமன்றம் தனி மன்றமாக இருந்த நிலை 1875இல் தான் முடிவுற்றது.

நீதிமன்றத்துக்கு அருகே ஒரு பழஞ்சாமான் கடை. கடைக்காரன் குறூக் என்பவன் காகிதம், எலும்பு, கந்தல், வெற்றுப் போத்தல் யாவற்றையும் வாங்கிக் குவிப்பான். எதையும் விற்க மாட்டான். அவனுக்கு வாசிக்கவும் தெரியாது. அயலவர் அவனைச் சான்சலர் பிரபு என்றும் அவன் கடையைச் சான்சரி மன்றம் என்றும் அழைக்கின்றார்கள். ஒரே தெருவில் இரண்டு சான்சலர்! பெரிய மண்டபத்தைக் கண்டிக்க நூறு சொற்கள் தேவையில்லை. அதன் அருகே ஒரு கடையை வைத்தால் போதும். அருகருகே வைப்பது என்பதே நாவலாசிரியனின் வாதம். நியாயம் கூறி நிறுவ முடியாததை இடம் கூறி நிறுவி விடுகின்றான்.

இதினும் ஆழமானது டொம்-ஓல்-அலோன்ஸ் என்னும் இடிந்த சேரி. அது ஏன் இடிந்து கிடக்கின்றது? அந்த வீடுகள் சான்சரியில் வழக்கில் கிடப்பவை. உரியவன் யார் என்று முடிவாகாத வீட்டைத் திருத்துவார் யார்? அங்கே தெருக்கூட்டும் ஜோ என்னும் அநாதைச் சிறுவன் உறங்குகின்றான். தூரத்தே லிங்கன்ஷயரில் செஸ்னி வோல்ட் மாளிகை. அங்கே ஓயாத மழை. மாளிகையில் டெட்லொக் சீமாட்டி. இவ்விரண்டு இடங்களுக்கும் என்ன தொடர்பு என்று வாசகன் முதலில் வியக்கின்றான். பின்னர் ஜோவிடமிருந்து தொற்றுக் காய்ச்சல் கிளம்புகின்றது. அவனுக்கு இரங்கி இடங்கொடுத்த நல்ல வீட்டுக்குள் நுழைகின்றது. எஸ்தர் என்னும் பெண்ணின் முகத்தை உருக்குலைக்கின்றது. அவள் அந்தச் சீமாட்டியின் மகள். சீமாட்டியோ இறுதியில் ஏழைப் பெண்ணின் உடையில், ஏழைகளைப் புதைக்கும் மயானத்தின் கம்பிக் கதவடியில் இறந்து கிடக்கின்றாள். சேரிக்கும் மாளிகைக்கும் இடையே சுவர் உண்டு என்று நம்பியவர்க்கு, காற்றுக்கும் நோய்க்கும் சுவர் இல்லை என்று வரைபடத்தாலேயே காட்டிய கதை இது. வீதியோரக் குடியிருப்பின் வடிகாலைப் பற்றிப் பிரதேச சபையில் எத்தனை தீர்மானம் நிறைவேற்றினாலும் இந்த உறைப்பு வாராது.

இனி இரண்டாவது நூலுக்கு வருவோம். இது எமது தீவிலேயே நிகழும் கதை. எழுதியவர் லெனாட் வூல்வ். 1904இன் முடிவில் சிவில் சேவை உத்தியோகத்தராக இலங்கைக்கு வந்தவர். 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்தில் பணியாற்றியவர். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். நீதவான் ஆசனத்திலும் அவரே அமர்ந்தார். விடுமுறையில் இங்கிலாந்து சென்றவர் 1912இல் பதவியைத் துறந்தார். 1913இல் 'த வில்லேஜ் இன் த ஜங்கிள்' என்னும் நாவல் வெளிவந்தது.

யாழ்ப்பாணத்தில் அவர் இருந்த காலத்துச் சம்பவம் ஒன்றை இங்கே இடையில் சொல்லாமற் போவது எமது தொழிலுக்கே துரோகமாகும். வண்டியிற் சென்ற சட்டத்தரணி ஒருவரின் முகத்தில் அவர் சவுக்கால் அடித்தார் என்று முறைப்பாடு எழுந்தது. தாம் குதிரைமேல் இருந்தபடி சவுக்கை நீட்டி எதையோ சுட்டியதே உண்மை என்பது, 1961இல் வெளிவந்த சுயசரிதையில் வூல்வ் கூறும் விளக்கம். தீர்ப்பை நாம் கூறப் போவதில்லை. குதிரைமேல் இருந்தவர்க்கு அது சுட்டுகோல். கீழே வண்டியில் இருந்தவர்க்கு அது சவுக்கு. நின்ற இடத்தால் காட்சி மாறும் என்பதை அம்மனிதர் எமது பெருந்தெருவிலேயே கற்றிருக்கக் கூடும்.

நாவலின் ஊர் பெத்தகம. சிங்களத்தில் அப்பெயருக்கே காட்டூர் என்பது பொருள். கடலுக்கும் மலைக்கும் நடுவே, நாற்புறமும் காடு சூழ்ந்த வரண்ட பூமி. முதற் பக்கத்திலேயே ஆசிரியர் காட்டை ஊருக்கு வெளியே வைக்கவில்லை. வீட்டு வாயிலில் கொண்டு வந்து நிறுத்துகின்றார். ஆண்டுதோறும் கோடரியும் கத்தியும் கொண்டு வெட்டித் தள்ளாவிடின் அது முற்றத்துக்குள் வரும், மண்சுவரைப் பிளக்கும், ஒற்றையடிப் பாதையை மூடும். காடு அங்கே உயிருள்ள சுவர். இதை வாசிக்கும் பேராசிரியர் அழகிய உவமை என்பார். வன்னி விவசாயி வாசித்தால் உவமை ஒன்றும் இல்லையே, உள்ளதைத்தானே சொல்லியிருக்கின்றார் என்பார். இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் உடன்படுவது அபூர்வம். அந்த அபூர்வம் இங்கே வாய்த்திருக்கின்றது.

அவ்வூரில் சிலிந்து என்னும் வேட்டைக்காரன். புஞ்சி மெனிக்கா, ஹின்னிஹாமி என இரட்டைப் பெண்மக்கள். புஞ்சி மெனிக்காவை மணந்தவன் பபுன். ஊர்த் தலைமைக்காரன் பபெஹாமி. எங்கள் பழைய விதானைமார் போன்ற பதவி. வெளியூரிலிருந்து வந்து தங்கும் முதலாளி பெர்னாண்டோ. முதலாளியின் கண் புஞ்சி மெனிக்காமேல் விழுகின்றது. அவள் இணங்கவில்லை. தலைமைக்காரனும் முதலாளியும் சேர்ந்து பபுன்மேலும் சிலிந்துமேலும் பொய்த் திருட்டு வழக்கைச் சோடிக்கின்றார்கள். வழக்கு கம்புறுபிட்டிய என்னும் பட்டினத்து நீதிமன்றத்துக்கு வருகின்றது. பெயர் மாறினாலும் அம்பாந்தோட்டையைக் கண்டவர்க்கு அந்தக் குடாவும் மேடும் புதியன அல்ல.

அந்த நீதிமன்றக் காட்சிக்காகவே நாம் இந்நூலை இவ்விழாவுக்குத் தெரிந்தெடுத்தோம். கடலை நோக்கி நீண்ட மேட்டின்மேல் மன்றம் நிற்கின்றது. நீதவானின் ஆசனத்துக்கு எதிரே பெரிய வாயில். கதவுகள் திறந்தே கிடக்கின்றன. அவ்வாயில் வழியே குடாவின் நீலநீர் தெரிகின்றது, கூரைகள் தெரிகின்றன, அவற்றுக்கும் அப்பால் முடிவில்லாத சாம்பல்நிறக் காடு அடிவானம் வரை தெரிகின்றது. கனத்த மரநிலை அதற்குச் சட்டமிட்ட படம் போல அமைந்திருக்கின்றது. முதலில் அந்தக் காட்சியைக் காண்பவர் நீதவான். அடுத்த வரியிலே கண் இடம் மாறுகின்றது. வழக்கு நடக்கும் நேரமெல்லாம் அதே வாயிலைக் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் இருவரும் பார்த்துக் கொண்டிருக்கின்றார்கள். தோணிகள் ஆடுகின்றன, கரையில் சிறு உருவங்கள் கரைவலை இழுக்கின்றன, தொலைவில், அவர்கள் வாழும் காட்டின்மேல் புழுதிக்காற்று எழுகின்றது. அலையோசையும் மீனவர் கூச்சலும் வேறு உலகத்திலிருந்து வருவது போலக் கேட்கின்றன. மன்றத்துள்ளோ வெப்பமும் அமைதியும். நீதவான் ஆங்கிலத்தில் பேசுகின்றார்; மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்கின்றார். சாட்சியிடம் கேட்பதற்குக் கேள்வி உண்டோ என்று வினவினால், எதைக் கேட்பது என்று பபுனுக்கு விளங்கவில்லை.

வாயிலைப் படமாக்கிய அந்த வேலையைச் சற்று நின்று பாருங்கள். நீதவானுக்கு அது பார்த்து இளைப்பாறும் ஒரு காட்சி. கூண்டில் நிற்பவனுக்கு அது அவன் வீடு. ஒரே வாயில், ஒரே காடு. நாம் பல ஆண்டுகளாக நீதிமன்றங்களில் நிற்கின்றோம். கட்சிக்காரன் வழக்கைக் கேட்காமல் சாளரத்துக்கு வெளியே பார்த்து நிற்பதைக் கண்டு, கவனமற்றவன் என்று கடிந்து கொள்ளும் வழக்கம் எமது தொழிலில் உண்டு. அவன் கவனமற்றவன் அல்லன். தனக்கு விளங்கும் ஒரே பொருளை அவன் பார்த்துக் கொண்டிருக்கின்றான்.

சிங்களக் குடியானவனுக்கு ஆங்கில மன்றத்தில் நேர்ந்த நிலை, 1961ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டத்தின் பின் தமிழ்க் குடியானவனுக்குச் சிங்கள மன்றத்தில் நேரலாயிற்று. 1988இல் வந்த பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம் சிங்களத்தோடு தமிழையும் நாடெங்கும் நீதிமன்ற மொழியாக்கியது. அச்சட்டங்களின் வரலாறு வேறொரு மேடைக்குரியது. ஆயினும் பெத்தகமவின் கூண்டில் நிற்பவன் யார் என்று எமது மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கதை மேலே செல்கின்றது. பபுன் சிறை செல்கின்றான், திரும்பவில்லை. சிலிந்து விடுதலையாகி ஊர் வந்து, தலைமைக்காரனையும் முதலாளியையும் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானாகவே சென்று சரணடைகின்றான். அப்போதுதான் நீதவான் காட்டுப் பாதை வழியே பெத்தகமவுக்கு வருகின்றார். வாயிலில் படமாக இருந்த காட்டுக்குள் சட்டம் கால்வைப்பது இரண்டு பிணங்கள் விழுந்த பிறகே! ஆசிரியர் இதைக் குறித்து ஒரு சொல்லும் உபதேசிக்கவில்லை.

அதன்பின் ஊர் ஒவ்வொரு வீடாக வெறுமையாகின்றது. வேலி விழுகின்றது, முற்றம் மறைகின்றது. கடைசியில் புஞ்சி மெனிக்கா ஒருத்தியே மிஞ்சுகின்றாள். நோயுற்று, பசித்து, குடிசைக்குள் கிடக்கின்றாள். குடிசை வாயிலில் கரிய உருவம் ஒன்று நிற்கின்றது, தந்தம் மின்னுகின்றது. காட்டுப் பன்றியோ, அவள் அஞ்சிய பேயோ, அது உள்ளே நுழைகின்றது. முதற் பக்கத்தில் வாயிலில் நின்ற காடு, நடுவில் நீதிமன்ற வாயிலில் படமாகத் தொங்கிய காடு, கடைசிப் பக்கத்தில் வாயிலைக் கடந்து விட்டது. மூன்று வாயில்களால் கட்டிய நாவல் என்று நாம் இதனைச் சொல்வோம்.

இனி நாம் சட்டத்தரணி என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தலைமைக்காரனுக்கு அவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? சேனைப் பயிர் செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். அது அவன் கைவழியே வரவேண்டும். சீட்டு ஏன் வேண்டும்? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடாகவும் தரிசாகவும் ஆட்சியின்றியும் பயிரின்றியும் கிடக்கும் நிலமெல்லாம், மறுதலை நிறுவப்படும் வரை, முடிக்குரியது என்று அனுமானித்தது. சேனை நிலமோ சில ஆண்டு பயிரிட்டுப் பல ஆண்டு காடாக விடப்படுவது. பயிர் நிற்கும் போது பார்த்தால் தோட்டம். ஓய்வு ஆண்டில் பார்த்தால் காடு. சட்டம் ஓய்வு ஆண்டில் நின்று பார்த்தது! தூரத்து மேட்டிலிருந்து வாயில் வழியே பார்ப்பவர்க்கு ஆளில்லாக் காடாகத் தோன்றுவதையே அது நிலத்தின் இயல்பு என்று எழுதி வைத்தது. எனவே வூல்வ் வரைந்த அந்தப் படம் வெறும் அழகுக் காட்சி அன்று. ஒரு நூற்றாண்டுக் காணிச் சட்டத்தின் பார்வையே அதுதான். அதற்குள் இருந்தோர் எதைப் பார்த்தனர் என்றும் அவர் அருகிலேயே எழுதியமையால் நூல் நிலைத்தது.

போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து ஆண்டுகள் கழிந்து திரும்பியோர் தமது காணிகளில் மரம் வளர்ந்து நிற்கக் கண்டார்கள். காடாகத் தோன்றியமையால் அவை காடென்றே எல்லைக்கல் இடப்பட்டன என்னும் முறைப்பாடு வன்னியில் இன்றும் ஓயவில்லை. அங்கே ஒரு நிலம் என்று எதைச் சொல்வது? மேலிருந்து எடுத்த படத்தில் தெரியும் பச்சையையா? பற்றைக்குள் தூர்ந்து கிடக்கும் கிணற்றையா? வழக்கு மன்றத்தில் நாம் உறுதியையும், வரிச் சீட்டையும், நில அளவைப் படத்தையும் காட்டுகின்றோம். போரில் இவை மூன்றும் எரிந்தவர் அனேகர். எஞ்சியிருப்பது, குளக்கட்டில் நின்றால் எந்த மரத்தின் நேரே யார் வயல் தெரியும் என்னும் நினைவு. அதனை வரன்முறையாக எழுதி வைப்போர் எமக்குள் மிகச் சிலர்.

வூல்வ் வெள்ளைக்கார அதிகாரி. அவர் எவ்வளவு அனுதாபத்தோடு எழுதினும் வெளியார் தாமே என்று ஒருவர் கேட்கலாம். கேட்பது முறையே. காட்டை அவர் பெரும்பாலும் அச்சமாகவே காண்கின்றார். காட்டில் விளையும் மகிழ்ச்சி அவர் நூலில் அரிது. இதற்கு எதிரே 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யை வைத்துப் படியுங்கள். முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணிமுறிப்பில் நிகழும் கதை. நிலத்துப் பொந்தில் கூடுகட்டி, உயரப் பறக்காது திரியும் ஒரு கிளியின் பெயரே தலைப்பு. நாயகியும் அந்த மண்ணை விட்டு எழாதவள். அங்கே காட்டை மேட்டிலிருந்து பார்ப்பார் இல்லை. கண் நிலமட்டத்திலேயே நிற்கின்றது. ஆகவே அதே வரண்ட பூமி, அதே குளம், அதே காடு, முற்றிலும் வேறொரு நாடாகத் தெரிகின்றது. இரண்டு நூல்களுள் எது உயர்ந்தது என்று வழக்காடுவதில் எமக்கு விருப்பமில்லை. நீதிமன்ற வாயிலை எழுதியமைக்காக வூல்வுக்கும், வாயிலே தேவையில்லாமல் எழுதியமைக்காகப் பாலமனோகரனுக்கும் நாம் கடன்பட்டவர்கள்.

வாசிகசாலைச் செயலாளர் வூல்வின் நூலில் ஒரு பிரதியை அலுமாரியில் வைத்திருப்பதாகச் சொல்கின்றார். பிரதி ஒன்றே. இரவல் பெறுவோர் இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றும், சட்டத்தரணிகளுக்குத் தவணை கிடையாதென்றும் அவர் எம்மிடம் கண்டிப்பாகக் கூறியிருக்கின்றார்.